பிரிகேடியர் கேத்ரபாலுக்குத் தேசபக்தி வகுப்பெடுக்கும் பெரியவர்களுக்கு

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் நேற்று நடந்த கூத்து இங்கே பலருக்குத் தெரியும். 1971 பாகிஸ்தான் போரில் உயிர்விட்ட இளம் ராணுவ அதிகாரி அருண் கேத்ரபால் படத்தைப் போட்டு வீரவணக்கம் வைத்த அதே கை, அடுத்த பத்து நிமிடத்தில் அவன் அப்பா பிரிகேடியர் கேத்ரபாலை "மகனைக் கொன்றவன் வீட்டில் விருந்து தின்றவர்" என்று எழுதுகிறது. அதற்குக் கைதட்டல் பொம்மைகள் வேறு.

ஐயா, தின்றபோது அவருக்கு அது தெரியவே தெரியாது. 2001இல், 81 வயதில், பாகிஸ்தானில் இருக்கும் பூர்வீக ஊரான சர்கோதாவைப் பார்க்கப் போனார். லாகூரில் வீட்டோடு தங்கவைத்து உபசரித்த பாகிஸ்தான் ராணுவ பிரிகேடியர் நாசர், கிளம்புவதற்கு முந்தைய இரவுதான் வாயைத் திறந்தார்: உங்கள் மகன் என் கையால்தான் செத்தான் என்று. சரி, தெரிந்தே தின்றிருந்தாலும் கேட்க நீங்கள் யார்? பிள்ளையைக் கொடுத்தது அவர்.

பிள்ளை என்றால் எப்பேர்ப்பட்ட பிள்ளை! 21 வயது. 1971 ஜூனில் அதிகாரியாகக் கமிஷன், டிசம்பர் 16இல் சாவு. உத்தியோகமே ஆறு மாதம்தான். லாகூரில் ஆடலாமென்று கோல்ஃப் மட்டைகளையும் கட்டிக்கொண்டு போருக்குக் கிளம்பினானாம். பசந்தர் ஆற்றுக்கு அப்பால், ஜர்பாலில், தீப்பிடித்த டாங்கியை விட்டுவிடச் சொல்கிறார்கள். பீரங்கி இன்னும் சுடுகிறது, விடமாட்டேன் என்கிறான். மறுநாள் இரவு போர்நிறுத்தம். ஒரே ஒரு நாள்! உச்ச வீரவிருதான பரம்வீர் சக்ரா வந்தது, பையன் வரவில்லை.

"எதிரிக்கு என்ன மரியாதை?" என்பீர்கள். என் பெரிய மாமா 65, 71 இரண்டு சண்டையும் பார்த்தவர். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாரோ பாகிஸ்தான்காரன் கோழை என்று ஆரம்பிக்க, இலையை மூடிவிட்டு எழுந்தார். "அவன் கோழைன்னா என் கூட இருந்தவனுங்களைச் சாகடிச்சது யாருடா?" அதன்பிறகு அந்தப் பந்தியில் அப்பளம் நொறுங்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

கார்கில் சண்டை முடிந்து இரண்டே வருஷத்தில் பாகிஸ்தானுக்குப் போகலாமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, எனக்கும் உறுத்துகிறது. ஆனால் 81 வயதுக்காரரை இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கச் சொல்கிறீர்கள்?

நான் ராணுவத்தை அவமதிக்கிறேனாம். என் மாமா பென்ஷனுக்காக அலைந்த நாட்களில் இந்த வீரவணக்கக்காரர்கள் யாரும் கூட வந்ததாக ஞாபகமில்லை. பார்க்கிங்கில் அரை அடி விட்டுக்கொடுக்காதவர்கள், பிள்ளையை விட்டுக்கொடுத்தவருக்கு மார்க் போடுகிறார்கள்! பிள்ளையைக் கொடுத்தது அவர், ஐயா. அவர்.

குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். தண்ணி லாரி எப்போது வருகிறதென்று யாராவது தனியாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.