எபிக்யூரஸ் அப்படிச் சொல்லவே இல்லை

“நாளை நிச்சயமில்லை, இன்றே தின்று குடித்துக் கொண்டாடு – எபிக்யூரஸ்” என்று பண்டைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்யூரஸின் பெயரில், மதுக்கோப்பையோடு ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து பகிராதீர்கள். கிட்டத்தட்ட அதே வரி பைபிளில் ஏசாயா 22:13-இல் இருக்கிறது.

இன்பமே வாழ்வின் இலக்கு என்று எபிக்யூரஸ் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் சொன்ன இன்பம், உடம்பில் வலியில்லாமல் மனதில் கலக்கமில்லாமல் இருப்பது. ஓயாத குடியும் விருந்தும் இனிய வாழ்வைத் தராது, எதைத் தேடுவது எதை விலக்குவது என்று நிதானமாக யோசிக்கும் அறிவுதான் தரும் என்று மெனோசியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே தெளிவாகச் சொல்கிறார். ஏதென்ஸில் அவர் பள்ளி நடத்திய தோட்டத்தில் பெரும்பாலும் ரொட்டியும் தண்ணீரும்தான் சாப்பாடு. ஒரு சின்னப் பானை பாலாடைக்கட்டி அனுப்பு, வேண்டும்போது அதையே விருந்தாக வைத்துக்கொள்கிறேன் என்று நண்பருக்கு எழுதிய மனிதர் அவர்! பெண்களும் அடிமைகளும்கூட அங்கே ஒன்றாக உட்கார்ந்து தத்துவம் பேசினார்கள், அந்தக் காலத்து ஏதென்ஸில் அது சாதாரண விஷயமா?

சரி, இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது? அவரிடம் படித்துவிட்டு விலகிப்போன டிமோகிரட்டீஸ், எபிக்யூரஸ் தின்று தின்று தினம் இரண்டு முறை வாந்தி எடுப்பார் என்று அப்போதே கிளப்பிவிட்டிருந்தார்.