குரோம் மேல் கிளியர் கோட்: ஒரு திருத்தம்

"குரோம் அடித்ததும் மேலே கிளியர் கோட் அடியுங்கள், பளபளப்பு கூடும்" என்று பிளாஸ்டிக் மாடல்களுக்குக் குரோம் பெயிண்ட் (கண்ணாடி போல் மின்னும் உலோகப் பூச்சு) அடிப்பது பற்றி ஒருவர் சொல்லியிருக்கிறார். கிளியர் கோட் என்பது பெயிண்ட் மேல் அடிக்கும் நிறமற்ற பூச்சு. இதை நம்பி யாரும் முடிந்த மாடலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நடப்பது நேர்மாறு. நுண்ணிய அலுமினியத் துகள்கள் மட்டமாகப் படிவதால்தான் அந்தக் கண்ணாடித் தோற்றம் வருகிறது. கிளியரில் உள்ள சால்வென்ட் அந்தப் படிவைக் கலைத்துவிடும். மிஞ்சுவது சாதாரண சில்வர்தான்.

பளபளப்பைத் தருவது அடிப்பூச்சு. பிரைமரை (பெயிண்டுக்கு முன் அடிக்கும் முதல் பூச்சு) 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, கிளாஸ் பிளாக் (பளபளப்பான கருப்பு) அடித்து, ஓரிரு நாள் நன்றாகக் காயவிடுங்கள். அந்தக் கருப்பில் முகம் தெளிவாகத் தெரியாவிட்டால் குரோமிலும் தெரியாது. தூசி ஒட்டியிருந்தால் அப்போதே தேய்த்து மறுபடி அடிப்பது நல்லது, குரோம் எதையும் மறைக்காது. ஆல்கிளாட் என்ற பிராண்டின் குரோமை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் சிறு கருவி) 12–15 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில், 5–7 செ.மீ. தள்ளி, மிக மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். கருப்பின் ஆழம் லேசாகத் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். கூடினால் வெளிறிவிடும்.

ஆனால் கையில் பிடிக்கும் ப்ராப்புக்கு (நடிப்பு, வேடத்துக்கான போலிப் பொருள்) பாதுகாப்பு தேவைதான். 2கே கிளியரை (ஹார்டனர் கலந்து அடிக்கும் இருபகுதி கிளியர் கோட்) முதலில் துண்டு பிளாஸ்டிக்கில் சோதியுங்கள். கொஞ்சம் மங்கல் வரும். அதில் ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் நுரையீரலைப் பாதிக்கும் வேதிப்பொருள் உண்டு, துணி மாஸ்க் போதவே போதாது.