ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணம்

ஈட்டுக் கடனை, அதாவது வீட்டையோ காணியையோ ஈடு வைத்துப் பெற்ற கடனை, முடித்து வெளியேறுவோரிடம் பழைய வங்கி அறவிட்ட நியாயமற்ற முடிவுறுத்தல் கட்டணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று விளக்கும் ஒரு கட்டுரையை வாசித்தேன்; மட்டக்களப்பில் இருந்து வாசிக்கும் எங்களுக்கும் அது மிகவும் தேவையானது. பிரித்தானியாவில் கடன் வழங்குநர்கள் ஒப்பந்தத்தில் எழுதியதைவிட இக்கட்டணத்தை உயர்த்தி அறவிட்டபோது, அங்கிருந்த நிதிச் சேவைகள் அதிகாரசபை 2007 ஜனவரியில் தலையிட்டது. பலர் மிகைத்தொகையைத் திரும்பப் பெற்றனர்.

களுவாஞ்சிக்குடியில் வசிக்கும் என் தங்கை வீட்டுக் கடனை வேறொரு வங்கிக்கு மாற்றியபோது, இறுதிக் கணக்கறிக்கையில் 'முடிவுறுத்தல் கட்டணம்' என்ற ஒற்றை வரியும் ஒரு தொகையும் மட்டுமே இருந்தன. கடன் அனுமதிக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் குறிப்பிட்டிருந்த வீதமோ அதைவிடக் குறைவு. காணி உறுதியை மீட்க வேண்டிய அவசரத்தில் எவரும் கவுண்டரில் நின்று வாதாடுவதில்லை என்பதும், அந்த அவசரமே வங்கிக்குச் சாதகமாகிவிடுகிறது என்பதும்தான் எனக்குப் பெரும் அநியாயமாகத் தோன்றுகின்றன.

பணம் கட்டி முடித்தவர்களும் பற்றுச்சீட்டு, அனுமதிக் கடிதம் இரண்டின் பிரதிகளையும் இணைத்து, தொகை எவ்வாறு கணிக்கப்பட்டது என்று முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்க வேண்டும். பதில் திருப்தியளிக்காவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடமோ வங்கிகள் மீதான வாடிக்கையாளர் முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமோ முறையிடலாம்.