சரி, நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்களா?

அந்தக் காணொலியை எனக்கு இன்னும் அனுப்பாதவர் யாராவது மிச்சமிருந்தால், தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. கரும்பலகையில் கருப்பையின் படம், கையில் சுண்ணக்கட்டியோடு ஓர் ஆசிரியை, பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பையன்கள். அவ்வளவுதான். எந்தப் பள்ளி, யார் படம் பிடித்தது, யார் போய்ச் சத்தம் போட்டது என்பதெல்லாம் பாம்பனிலிருந்து தொண்டி வரை எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்லி மேலும் யாரையும் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை. மறுநாள் அந்த ஆசிரியை பெற்றோர் முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாராம். எதற்கு? எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்று அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கும் பாடத்தை, "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டாமல், வாயைத் திறந்து நடத்தியதற்கு.

"இதையெல்லாம் வீட்டில் நாங்கள் சொல்லிக்கொள்வோம்" என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். எல்லோரும் ஆமாம் போட்டார்களாம். நல்லது, எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். சொன்னீர்களா?

நான் மருந்துக்கடை வைத்திருப்பவன். வீட்டில் சொல்லாமல் விட்டதெல்லாம் கடைசியில் என் கடைக் கண்ணாடி மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்கிறது. பெண்பிள்ளைகள் கடையில் ஆள் இருந்தால் வர மாட்டார்கள். எதிரே டீக்கடையில் கூட்டம் கலையும்வரை மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வந்ததும் முதலில் ஒரு விக்ஸ் மிட்டாய் கேட்பார்கள். அப்புறம்தான் நாப்கின் இருக்கும் மேல் தட்டைக் கண்ணாலேயே காட்டுவார்கள். நான் எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தர வேண்டும். பிளாஸ்டிக் பைக்கு 2019-லேயே தடை வந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு பொருளுக்கு மட்டும் கறுப்புப் பை இல்லையென்றால் வாங்காமலே திரும்பிப் போய்விடுவார்கள்.

அரசாங்கம் கொடுக்கவில்லையா என்றால், கொடுக்கிறது. 'புதுயுகம்' திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு மூன்று பொதி, பொதிக்கு ஆறு நாப்கின். பொதி வருகிறது, கூட ஒரு வார்த்தை வருவதில்லை. நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? காலையில் வைத்ததை மாலை வரை வைத்திருந்து, தொடையெல்லாம் புண்ணாகி, "அரிப்புக்கு ஏதாவது களிம்பு கொடுங்கள் அண்ணே" என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறாள். பள்ளியில் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? யாரும் சொல்லாததால், பயந்துபோய் மாத்திரையைக் கருவேலங்காட்டில் எறிந்துவிட்டு, இரத்தசோகையோடு மயங்கி விழுகிறார்கள். விழுந்தால் வேப்பிலை அடிக்க ஆள் இருக்கிறது.

வயதுக்கு வந்த முதல் ஓரிரண்டு ஆண்டுகள் மாதவிலக்கு கணக்காக வராது. இருபத்தொரு நாளிலும் வரும், நாற்பத்தைந்து நாளிலும் வரும். அது இயல்பு. இது தெரியாமல் ஒரு தாய், பதின்மூன்று வயது மகளைத் தரதரவென்று கடைக்கு இழுத்து வந்து, "நாள் தள்ளிப்போய்விட்டது, என்னென்று கேளுங்கள்" என்றார். என்னிடம்! அந்தப் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. வீட்டில் சொல்லிக்கொடுக்கும் இலட்சணம் இது.

இராமேசுவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இருபத்திரண்டு தீர்த்தம் ஆட வருகிறவர்கள், ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறவர்கள் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை கேட்டு வராத வாரம் இல்லை. நோரெதிஸ்டிரோன். மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து. அது ஒரு ஹார்மோன், இரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. சீட்டு கேட்டால் என்னைத்தான் முறைக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இதை வாங்கி விழுங்கக் கொடுக்கும் தாய்க்கு, அந்தப் பெண்ணுக்கு மாதவிலக்கு ஏன் வருகிறது என்று சொல்ல மட்டும் கூச்சமாக இருக்கிறது.

என் அக்கா கதையைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அவளிடம் கேட்டுவிட்டேன், எழுது என்றாள். எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கப் போவார். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, தீவோரத்துப் பாறைகளில் முங்கி முங்கி எடுக்கும் வேலை. லீவு நாட்களில் அக்காவும் கூடப் போவாள். கல்லும் சிப்பியும் கிழித்துக் காலில் இரத்தம் வராமல் எந்தப் பெண்ணும் கரையேறியதில்லை. அன்று அக்கா கரையேறியபோது இரத்தம் இருந்தது, காயம் மட்டும் இல்லை. மறைவில் உட்கார்ந்து இரண்டு காலையும் தடவித் தடவிக் காயத்தைத் தேடியிருக்கிறாள். கிடைக்கவில்லை. உள்ளே எங்கேயோ கிழித்துவிட்டது, செத்துவிடுவோம் என்று முடிவு செய்து, அம்மா திட்டுவாரே என்று வீட்டில் சொல்லாமல் படுத்துக்கொண்டாள். பாவாடையைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு என்ன, தாய்மாமன் சீர், மைக்செட், கறிச்சோறு. ஊருக்கே சொல்ல யாருக்கும் வெட்கம் இல்லை. அவளுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லத்தான் வெட்கம்.

இன்றைக்கு அது இன்னும் வளர்ந்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஆளுயர பிளக்ஸ் வைக்கிறோம். 'பூப்புனித நீராட்டு விழா' என்று போட்டு, அந்தப் பிள்ளையின் படத்தையும் போட்டு, அதைச் சுற்றித் தலைவர்கள் படம், வாழ்த்தும் நண்பர்கள் படம். என் மகள் வயதுக்கு வந்துவிட்டாள் என்று நான்கு வழிச் சாலையில் அறிவிப்பது பண்பாடு. வயதுக்கு வருவது என்றால் என்ன என்று நான்கு சுவருக்குள் ஓர் ஆசிரியை சொன்னால் அது பண்பாட்டுச் சீரழிவு! இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரக்கூடாதாம், நிதானமாக எழுத வேண்டுமாம்.

பெண்பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பையன்கள் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் அவர்களுக்குக் கறுப்புப் பைகூடக் கிடையாது. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரைப் பாருங்கள். 'இளமையில் செய்த தவறா? ஆண்மைக் குறைவா? இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் சந்திக்கலாம்.' இப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் விளம்பரச் சட்டமே தடை செய்கிறது. தடை அது பாட்டுக்கு இருக்கிறது, போஸ்டர் அது பாட்டுக்கு இருக்கிறது. படகுக்குப் போய்ச் சம்பாதிக்கும் ஒரு பையன், மீசைகூட முழுதாக முளைக்கவில்லை, ஒரு லேகிய டப்பாவைக் கொண்டுவந்து, "அண்ணே, இது தீர்ந்துவிட்டது, இங்கே கிடைக்குமா?" என்றான். தூக்கத்தில் விந்து வெளியாகிறதாம். நாற்பது சொட்டு இரத்தம் சேர்ந்தால்தான் ஒரு சொட்டு விந்தாம், இப்படியே போனால் கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போய்விடுவானாம். லாட்ஜில் சொல்லியிருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த காசு முழுக்க அந்த டப்பாவில் போய்விட்டது. பருவ வயதில் எல்லா ஆண்களுக்கும் நடப்பதுதான், இரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, விந்து உடம்பில் ஊறிக்கொண்டே இருக்கும், வெளியேறத்தான் செய்யும் என்று சொன்னேன். என்னை நம்புவதா, லாட்ஜ் வைத்தியரை நம்புவதா என்று குழம்பிப்போய் நின்றான்.

அந்தப் போஸ்டரைக் கிழிக்க யாராவது ஊர்வலம் போனீர்களா? அந்த லாட்ஜ் வாசலில் பெற்றோர் கூட்டம் கூடியதா? அந்த வைத்தியர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டாரா? பாடம் நடத்தியவர்தான் கேட்டார்.

இனி கீழே வரப்போகும் கருத்துகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆணையும் பெண்ணையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசியது தவறு என்பவர்களுக்கு: சரி, தனித்தனியாக உட்கார வையுங்கள். எனக்கு அதில் சண்டை இல்லை. நீங்கள் கேட்டது தனி வகுப்பை இல்லையே, வகுப்பே கூடாது என்றுதானே கேட்டீர்கள்?

சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பவர்களுக்கு: 2024 செப்டம்பரில், நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) வழக்கிலேயே, இந்தப் பயம் தவறானது என்று உச்ச நீதிமன்றம் எழுதியிருக்கிறது. முழுமையான பாலியல் கல்வி வேண்டும் என்று அரசுக்கு யோசனையும் சொல்லியிருக்கிறது. நீதிமன்றம் வேண்டாமா? கையில் செல்போன் இருக்கும் எட்டாம் வகுப்புப் பையன் எதைப் பார்க்கிறான் என்று ஒருநாள் வாங்கிப் பாருங்கள். கெடுவதற்கு அவனுக்கு அந்த ஆசிரியையின் கரும்பலகை தேவையில்லை.

"ஆணுறை விற்கிறவன் பேசாமல் என்ன செய்வான், அவனுக்கு வியாபாரம்" என்று ஊர்க் குழுவில் எழுதிய அன்பருக்கு: ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆணுறை இலவசம். அரசாங்கம் நிரோத் என்று பெயர் வைத்து 1968 முதல் பரப்பிக்கொண்டிருக்கிறது. இதில் நான் மாடி வீடு கட்டப் போவதில்லை. எனக்கு வியாபாரம்தான் பெரிது என்றால் வாயை மூடிக்கொண்டு லேகியம் விற்றிருப்பேன். இலாபம் அதில்தான். உங்கள் தகப்பனாருக்குச் சர்க்கரை மாத்திரையை இரவு பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கி எடுத்துக் கொடுத்ததும் இதே கைதான். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

மதத்தை இழுக்கிறவர்களுக்குப் பதில் இல்லை. விசைப்படகும் நாட்டுப்படகும் சேர்ந்து உட்கார்ந்து பேச முடியாத நம் கரையோரத்தில், எல்லாச் சமயத்துப் பெரியவர்களும் ஒரே குரலில் ஒன்று சேர்ந்தது ஓர் ஆசிரியைக்கு எதிராகத்தான். ஒற்றுமைக்கு வாழ்த்துகள்.

யாரும் பேசாத விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி விரும்பித்தான் ஒருவனோடு போனாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் விருப்பத்தைச் சட்டம் கணக்கில் எடுக்காது. பதினெட்டுக்குக் கீழே என்றால் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம்தான். தாலி கட்டியிருந்தாலும் அதேதான். தெரிந்தவர்கள் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், மருத்துவரும் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் பெயரை வெளியிடாமல் மருத்துவர் தகவல் தரலாம், கருக்கலைப்புக்கு வழி உண்டு என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எத்தனை தாய்க்குத் தெரியும்? தெரியாததால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், சீட்டில்லாமல் மாத்திரை கேட்டு என் கடைக்கு வருகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருபதிலிருந்து இருபத்துநான்கு வயதுள்ள பெண்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. கடலுக்குப் போகிற பையனுக்கு இலங்கை எல்லை எங்கே இருக்கிறது, தாண்டினால் என்ன ஆகும் என்று சொல்லித்தான் அனுப்புகிறோம். இந்த எல்லையை அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒரு நாள் போலீஸ் ஜீப் வந்து சொல்கிறது. வீட்டில் சொல்லிக்கொள்வோம் என்றீர்களே, இதைச் சொன்னீர்களா?

காணொலியைப் பரப்பியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதில் முன்வரிசைப் பெண்பிள்ளைகளின் முகம் பளிச்சென்று தெரிகிறது. நம் வீட்டுப் பெண்களின் மானம் என்று சொல்லிக்கொண்டே அந்த முகங்களை துபாய் வரை அனுப்பியவர்கள் நீங்கள்தான், அந்த ஆசிரியை இல்லை. அழித்துவிடுங்கள்.

கடைசியாக, நேற்றைய பதிவுக்குக் கீழே "உன் மகளுக்கு இதையெல்லாம் சொல்வாயா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்ட என் சொந்த மாமாவுக்கு. சொல்லியாகிவிட்டது மாமா. மகளுக்கு அவள் அம்மா ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். மகனுக்கு நான் சொன்னேன், அவன் காதைப் பொத்திக்கொண்டான், இருந்தும் சொல்லி முடித்தேன். உங்கள் பேரன் போன மாதம் என் கடைக்கு வந்து என்ன கேட்டான் என்பதை இங்கே எழுத மாட்டேன், அது அவனுக்கும் எனக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கடை அடைப்புதான், வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம். இங்கே வேண்டாம்.