கவுண்டிக் கோட்டைத் தாண்டினால் காசு இல்லை

அமெரிக்காவில் விவசாய மானியமே கிடையாது, எல்லாம் சந்தை விலைதான் என்று நம்மூரில் இன்னும் நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சரி, ஒருமுறை இந்த அயோவா, இல்லினாய் பக்கம் வந்து பாருங்கள். கண்ணுக்கு எட்டியவரை மக்காச்சோளமும் சோயாவும்தான். அதில் எவ்வளவு விளைந்தது என்பதை விட, நிலம் எந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது, அரசாங்கத்தின் பழைய பதிவேட்டில் அது எத்தனை ஏக்கர் என்பதைப் பார்த்துத்தான் பல மானியங்கள் வருகின்றன.

அந்தப் பதிவேட்டு ஏக்கருக்கு 'பேஸ் ஏக்கர்' என்று பெயர். எப்போதோ அந்த நிலத்தில் என்ன விதைத்தார்கள் என்ற கணக்கு அது, இன்றைக்கு அதே பயிரை விதைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டெக்சாஸில் பழைய நெல் வயல்களை மனை போட்டு விற்றார்கள், வாங்கி வீடு கட்டியவர்களுக்கும் புல்தரைக்கு நெல் மானியம் வந்தது. விவசாயமே செய்யாதவர்களுக்கு 2000க்குப் பிறகு குறைந்தது 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று 2006இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதி நாறடித்தது. அந்த நேரடி மானியத்தை 2014 விவசாயச் சட்டம் நிறுத்தியது. பேஸ் ஏக்கரை மட்டும் விடவில்லை.

அதே சட்டத்தில் வந்த, வருமானம் குறைந்தால் ஈடு கொடுக்கும் ஏஆர்சி திட்டத்தின் கவுண்டிப் பிரிவு இன்னும் வேடிக்கை. கவுண்டியின் சராசரி வருமானம் ஒரு அளவுக்குக் கீழே போனால்தான் பணம். முன்பு வழக்கமான வருமானத்தில் 86 சதவீதமாக இருந்த அந்த அளவை 2025இல் 90 ஆக்கினார்கள். உங்கள் வயலை மட்டும் ஆலங்கட்டி மழை அடித்துப்போட்டு, கவுண்டியில் மற்றவர்களுக்கெல்லாம் நன்றாக விளைந்திருந்தால் இதில் ஒரு பைசா வராது, பயிர்க் காப்பீடு போட்டிருந்தால் உண்டு. உங்களுக்கு அமோக விளைச்சல், கவுண்டி படுத்துவிட்டது என்றால் காசோலை வரும். நடுவில் ஓடும் ரோடு கவுண்டி எல்லையாக இருந்தால் இந்தப் பக்கத்து வயலுக்கு உண்டு, அந்தப் பக்கம் இல்லை என்றும் ஆகும். சீனாவோடு வர்த்தகச் சண்டை போட்ட காலத்தில் கொடுத்த நிவாரணமும் அப்படித்தான், 2019இல் கவுண்டியைப் பொறுத்து ஏக்கருக்கு 15 டாலரிலிருந்து 150 டாலர் வரை.

ஆளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஒரே பண்ணையில் கூட்டாளிகளாகப் பெயர் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு. 2018 சட்டம் சித்தப்பா பிள்ளை, அண்ணன் மகன், அக்கா மகள் வரை 'குடும்பம்' என்று சேர்த்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடுகிற மாதிரி போட்டுக்கொண்டே போகலாம்.

எனக்கு உண்மையில் கடுப்பு குத்தகை விஷயத்தில்தான். அயோவாவில் பாதிக்கு மேல் குத்தகை நிலம். ரொக்கக் குத்தகை என்றால் மானியம் உழுகிறவருக்கு, விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகை என்றால் இருவருக்கும் பங்கு. காகிதத்தில் நியாயம்தான் (நம்மூர்ப் பி.எம். கிசானில் வருஷத்துக்கு 6,000 ரூபாய் பட்டா உள்ளவருக்குத்தான், குத்தகைக்காரர் கணக்கிலேயே இல்லை, அதற்கு இது தேவலை). ஆனால் எங்கோ நகரத்தில் இருக்கும் நிலக்காரருக்கு மானியக் கணக்கு தெரியாதா என்ன? அடுத்த குத்தகைப் பேச்சில் வாடகை ஏறும். எவ்வளவு ஏறுகிறது என்பதில் பொருளாதாரக்காரர்களுக்குள் சண்டை, ஏறுகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை. புதிதாக உழ வரும் இளைஞருக்கு நிலமே கிடைப்பதில்லை.

மானியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, விலை விழுந்த வருஷங்களில் அது இல்லாமல் சின்னப் பண்ணை நிற்காது. ஏக்கரை எண்ணிக் கொடுப்பதை விட்டுவிட்டு, பண்ணைக்கு ஒரு வரம்பு வையுங்கள், உறவினர் பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். 2025இல் வந்த சட்டத்தில் நடந்தது நேர் எதிர். ஆளுக்கான வரம்பை 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 ஆக்கினார்கள், புதிதாக 3 கோடி வரை பேஸ் ஏக்கர் சேர்க்கவும் வழி செய்தார்கள். அதே சட்டத்தில்தான் ஏழைகளின் உணவு உதவியான ஸ்னாப்பிலும் கைவைத்தார்கள். இந்தக் கிராமத்துக் கவுண்டிகளிலும் ஸ்னாப் அட்டையைத் தேய்த்து மளிகை வாங்குகிற குடும்பங்கள் கொஞ்சநஞ்சமல்ல, அவர்களிடம் பேஸ் ஏக்கர் கிடையாது.