ரொய்ஸ் சொன்னது அதுவல்ல

தம்பி, "1970இல் வின்ஸ்டன் ரொய்ஸ் சொன்ன வோட்டர்போல் முறையில் ஒரு கட்டம் முடிந்தால் பின்னுக்குப் போகக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். வோட்டர்போல் என்பது அருவிபோல் ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்கு இறங்கி மென்பொருள் செய்யும் முறை. கணினி அறிஞரான ரொய்ஸ் அப்படிச் சொல்லவில்லை. தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்று படிப்படியாக இறங்கும் படத்தைப் போட்டுவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை அழைக்கும் என்று அவரே எழுதினார். சோதனை கடைசியில் வருவதுதான் சிக்கல். பிழை அங்கே தெரிந்தால் வடிவமைப்பையே மாற்ற வேண்டிவரும். அக்கரைப்பற்று அரிசி ஆலை ஒன்றுக்கு நெல் கொள்வனவு மென்பொருள் செய்கிறோம் என்று வையுங்கள். ஈரப்பதத்துக்கு விலை கழிக்கும் கணக்கு தவறிப்போனது சோதனையில்தான் தெரிகிறது. அறுவடை காத்திருக்குமா? புதுவகை மென்பொருளென்றால் முதலில் சிறிய மாதிரி ஒன்றைச் செய்து பாருங்கள், இரண்டாவதையே வாடிக்கையாளரிடம் கொடுங்கள் என்பது அவர் யோசனை. ஆவணங்கள் விடயத்தில் மட்டும் மனிதர் சரியான கண்டிப்பு.