நஞ்சு வந்த வழியையும் பேசுங்கள்

உலகமயமாக்கலையும் நாவல்களையும் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். இந்திரா சின்ஹாவின் 'அனிமல்ஸ் பீப்பிள்' (2007) நாவலில் வரும், போபாலை மாதிரியாகக் கொண்ட கற்பனை நகரமான கவ்ஃப்பூரை வெறும் உருவகம் என்று அந்தக் கட்டுரை முடித்துவிட்டது. எனக்கு உடன்பாடில்லை. அந்த நாவலின் வலுவே போபாலின் பருண்மையான விவரங்களில்தான் இருக்கிறது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி, போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையின் இ610 தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தது சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்ற கொடிய நஞ்சு; தண்ணீர் பட்டதும் சூடேறி வாயுவாக வெளியேறியது. 39 டிகிரியிலேயே கொதித்துவிடும் திரவம் அது, குளிரூட்டியே வைக்க வேண்டும். செலவைக் குறைக்கக் குளிரூட்டியை முன்பே நிறுத்திவிட்டார்கள். வாயுவை எரிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாய் கழற்றிக் கிடந்தது. காரத்தால் வாயுவை முறிக்கும் ஸ்க்ரப்பரும் கைகொடுக்கவில்லை. உலகமயமாக்கல் என்ற பெரிய சொல்லுக்கு இங்கே அர்த்தம் இவ்வளவுதான்: லாபக்கணக்கு ஓரிடத்தில், நிறுத்தப்பட்ட குளிரூட்டி வேறிடத்தில்.

அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். முதுகு வளைந்து நான்கு காலில் நடக்கும் நாவலின் கதைசொல்லி உலகை இடுப்புயரத்திலிருந்து பார்ப்பதை இதோடு சேர்த்துப் படித்தால் உடம்பு நடுங்குகிறது. ஆலை மூடிய பிறகும் கிணற்று நீரில் நஞ்சு தொடர்வதையும் நாவல் விடாமல் சொல்கிறது.

தமிழில் சா. கந்தசாமியின் 'சாயாவனம்' இருக்கிறதே, அதைக் கட்டுரை தொடவே இல்லை. வெளிநாட்டில் சேர்த்த பணம், கரும்பாலை, அதற்காக எரியும் வனம். விபத்தே இல்லாத பேரழிவு அது. எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததும் அப்படித்தான். 2023 டிசம்பரில் அங்கே எண்ணெயும் பரவியது, அமோனியாவும் கசிந்தது. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் பார்வையில் இதை ஒரு நாவலாக யாராவது எழுத வேண்டும்.